இல்லமும் தொழிலும்: சொட்டும் டீசல்



சென்ற மாதம் இப்பகுதியில் தையல் யந்திரத்துக்கு எண்ணெய் இடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் அதைவிடப் பன்மடங்கு பெரிய யந்திரம் ஒன்றைப் பற்றி எழுத நேர்ந்துள்ளது. பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் குமாஸ்தாவுக்கும் டிராக்டருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். அத்தொடர்பு என் மைத்துனர் வாயிலாக வந்தது.

இட்டார்சியில் ரயில்வேயையும் படைக்கலத் தொழிற்சாலையையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ஓய்வுக்குப் பின்னரும் ஊர் திரும்பாமல் இங்கேயே நிலைத்துவிட்டன. என் மாமனாரும் அவ்வாறே ஓய்வூதியப் பணத்தில் தவா அணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஆறு ஏக்கர் நிலம் வாங்கினார். இன்று அதனை என் மைத்துனர் பயிரிடுகிறார். ஆறு ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்காது என்பதால், சென்ற ஆண்டு பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, பிறர் நிலங்களையும் கூலிக்கு உழுது கொடுக்கத் தொடங்கினார். முப்பது வயது கடந்த வண்டி அது, அவரைவிட மூத்தது. வாங்கும்போது குறைந்த பணத்துக்கு என் மனைவி தன் வளையல்கள் நான்கையும் கழற்றிக் கொடுத்தாள். அவை இன்னமும் வங்கியில் அடகில் இருக்கின்றன.

நர்மதைக் கரைச் சீமையில் கோதுமை விதைப்புக்கு நவம்பர் மாதந்தான் காலம். அந்த நாட்களில் டிராக்டர் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி மட்டும் போவதில்லை. அழைத்த குடியானவர் வேறு வண்டியை அமர்த்திக்கொள்வார், அடுத்த ஆண்டும் நம்மை அழைக்கமாட்டார். அத்தகைய நாளில் மைத்துனர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"அத்தான், வண்டி காலையில் கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் இரைந்து இரைந்து அடங்குகிறது. பம்பு கெட்டுவிட்டது, பிரித்து வேலை பார்க்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். அக்காவிடம் எப்படிக் கேட்பது?" என்றார்.

உள்ளே இருந்த என் மனைவி காதில் அது விழாமல் இல்லை. அவள் கை கழுத்துச் சங்கிலியைத் தொட்டதை நான் பார்த்தேன். "அதற்கு முன் ஒருவரைப் பார்த்து வருவோம்" என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். திருச்சிப் பொன்மலைப் பட்டறையில் வேலை பழகி, பின்னர் இட்டார்சி டீசல் ஷெட்டில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ரயில் எஞ்சினும் டிராக்டர் எஞ்சினும் அளவில் மலையும் மடுவும் என்றாலும், டீசல் செல்லும் வழி இரண்டிலும் ஒரே முறையானதே. அவர் மறுநாள் காலையில் களத்துக்கே வந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். வயலும் வண்டியும் உடைய அன்பர்களுக்கு மட்டுமன்றி, வாடகை ஜெனரேட்டரும் நீர் இறைக்கும் டீசல் பம்பும் வைத்திருப்போருக்கும் இது பயன்படும்.

டீசல் செல்லும் வழி

டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி இல்லை. காற்றை மிகுதியாக நெருக்கும்போது உண்டாகும் வெப்பத்தில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் அமைத்த இத்தகைய எஞ்சின், 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் நல்ல முறையில் ஓடிக் காட்டியது. ஆனால் டீசலை மிகுந்த அழுத்தத்துடன், உரிய கணத்தில், உரிய அளவில் செலுத்தும் பம்பு பெருவாரியாகக் கிடைத்த பின்னரே சிறிய வண்டிகளுக்கும் இது ஏற்றதாயிற்று. பாஷ் நிறுவனம் அத்தகைய பம்பைத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது 1927-இல்.

எங்கள் பார்சல் ஆபீசில் ஒரு கட்டு காணாமற்போனால், புறப்பட்ட நிலையத்திலிருந்து சேரவேண்டிய நிலையம் வரை ஒவ்வோரிடத்துக் கணக்கையும் வரிசையாகப் பார்ப்போம். டீசலுக்கும் அவ்வாறே நிலையங்கள் உண்டு. முதலில் டாங்கி, அதன் அடியில் திறந்து மூடும் குழாயும், கசடு தங்கும் கிண்ணமும். அடுத்து, எஞ்சினின் பக்கவாட்டில் அமைந்த சிறிய பம்பு. இது டீசலை இழுத்துத் தள்ளுவது. பின்னர் பில்டர் என்னும் வடிகட்டி. அதன்பின் பெரிய பம்பு. அழுத்தம் கொடுப்பது இதுவே. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இரும்புக் குழாய் சென்று இஞ்செக்டரில் முடிகிறது. இஞ்செக்டரில் மிஞ்சும் சிறிதளவு டீசல், மெல்லிய குழாய் வழியே டாங்கிக்கோ வடிகட்டிக்கோ திரும்புகிறது.

இவ்வழி முழுவதும் ஒரே வகைக் கசிவு உண்டாவதில்லை என்பதைப் பெரியவர் முதலிலேயே வற்புறுத்தினார். டீசல் வெளியே வருவது ஒன்று. காற்று உள்ளே போவது ஒன்று. டீசல் எஞ்சினுக்குள்ளேயே வழிதவறி எஞ்சின் ஆயிலில் கலப்பது ஒன்று. முதலாவது கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரியா. அவையே பெருநஷ்டம் விளைப்பன.

முதல் கேள்வி

பெரியவர் வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. மைத்துனரைப் பார்த்து, "தம்பி, டாங்கி நிறைய இருக்கும் நாளிலும் இப்படித்தான் செய்கிறதா?" என்று கேட்டார்.

மைத்துனர் சற்று யோசித்துவிட்டு, "இல்லை ஐயா. நிறைந்திருந்தால் கிளம்பிவிடும். ஆனால் அடியில் சொட்டும். பாதிக்குக் கீழே இறங்கினால்தான் தொல்லை" என்றார்.

"இரவில் குழாயை மூடிவிடுகிறாயா?"

"ஆம். ஒரு நாள் மறந்துபோனேன். அடியில் வைத்த டப்பாவில் காலையில் 200 மில்லி அளவு சேர்ந்திருந்தது."

"அப்படியானால் பெரிய பம்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம்" என்றார் பெரியவர்.

அதன் காரணம் இதுதான். டாங்கி உயரத்தில் இருப்பதால், நிறைந்திருக்கும்போது டீசலின் எடையே அதனைக் கீழே தள்ளும். அப்போது குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டும். டீசல் குறைந்து, கசடுக் கிண்ணத்தின் வலையும் அடைபட்டிருந்தால், சிறிய பம்பு உறிஞ்ச வேண்டியதாகிறது. அப்போது அதே வெடிப்பின் வழியே காற்று உள்ளே புகும். காற்றை நெருக்கினால் சுருங்கும்; டீசல் அவ்வாறு சுருங்காது. ஆகையால் காற்றுக் குமிழி பெரிய பம்பை அடைந்துவிட்டால், பம்பு எவ்வளவு தள்ளினாலும் இஞ்செக்டர் திறக்காது. இதனையே இந்நாட்டு மக்கள் "ஹவா லே லீ" என்கிறார்கள். இரவில் குழாயை மூடியபின், கீழுள்ள பகுதியில் தங்கிய டீசல் வெடிப்பின் வழியே ஒழுகிப்போக, அவ்விடத்தைக் காற்று நிரப்பிக்கொள்ளும். காலையில் கிளம்பாததன் மர்மம் அதுவே.

கசிவைக் காணும் முறை

அழுக்குப் படிந்த எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. வண்டி குளிர்ந்திருக்கும்போது, டீசல் வழியிலுள்ள எல்லா இணைப்புகளையும் பிரஷ்ஷாலும் துணியாலும் நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் ஒவ்வோர் இணைப்பின்மீதும் சாக்கட்டித் தூளையோ முகத்துக்கு இடும் பவுடரையோ மெல்லத் தூவ வேண்டும். குழாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், கசியும் இடத்தில் வெண்மை மாறிக் கருமை படரும். டீசல் கீழ்நோக்கி வழிந்து எங்கோ ஓரிடத்தில் சொட்டுமாதலால், சொட்டும் இடத்தைக் குற்றவாளி என்று எண்ணிவிடலாகாது. நனைந்த இடங்களுள் எது மிக மேலே இருக்கிறதோ அதுவே பிறப்பிடம்.

எங்கள் வண்டியில் இரண்டு இடங்கள் நனைந்தன. கசடுக் கிண்ணத்திலிருந்து சிறிய பம்புக்கு வரும் ரப்பர் குழாயின் வளைவில் நரம்பு போன்ற வெடிப்பு இருந்தது. வளைத்துப் பார்த்தாலன்றித் தெரியாதது. வடிகட்டியின் தலையிலுள்ள போல்ட்டைச் சுற்றியும் ஈரம் கண்டது.

கையை வைக்காதே!

பின்னர் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று மைத்துனர் கிளப்பினார். சிறிது நேரத்தில் இரண்டாவது சிலிண்டருக்குச் செல்லும் இரும்புக் குழாயின் நட்டு அருகே புகை போல் ஏதோ தெரிந்தது. மைத்துனர் அது எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்க்கக் கட்டைவிரலை நீட்டினார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவர் பின்னால் சாய்ந்துவிட்டார்.

"விரல் வேண்டுமா, வேண்டாமா?" என்று அதட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அன்று முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

இதனை வாசிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பழைய எஞ்சின்களில் இஞ்செக்டர் திறக்கும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு 175 முதல் 200 கிலோ வரை இருக்கும். மோட்டார் காரின் சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 கிலோவே. ஊசிமுனைத் துளையிலிருந்து இத்தகைய அழுத்தத்துடன் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி உள்ளே தசை அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். ஆகவே அவ்வாறு பட்டுவிட்டால், வலி இல்லையென்று இருந்துவிடாமல், மஞ்சள் வைத்துக் கட்டாமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று, அழுத்தத்துடன் டீசல் உட்புகுந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலும், சூடான புகைக்குழாயின்மேல் இப்பனித்துளி படிந்தால் தீப்பற்றவும் கூடும்.

அழுத்தக் குழாய்களின் கசிவைக் காண நீண்ட அட்டைத் துண்டு போதும். முகத்தை விலக்கி, கண்ணாடி அணிந்து, அட்டையை நட்டுக்கு அருகே காட்டினால், கசிவு உள்ள இடத்தில் அட்டை நனையும். கண்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டே நட்டைத் தொட வேண்டும்.

செப்பம் செய்த விதம்

வெடித்த ரப்பர் குழாய்க்கு மாற்றுக் குழாயே மருந்து. டீசலுக்கென்று விற்கப்படும் குழாயையே வாங்க வேண்டும்; சைக்கிள் டியூபும் தண்ணீர்க் குழாயும் டீசலில் ஊறிப் பருத்து, உட்புறம் உதிர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். கம்பி முறுக்கிக் கட்டாமல் கிளிப்பு போட்டு இறுக்குக.

வடிகட்டித் தலையிலுள்ள போல்ட்டுக்கு இரு பக்கமும் செம்பு வாஷர் உண்டு. ஒரு முறை இறுக்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். மறுமுறை இறுக்கினால் படியாது. புதியது கிடைத்தால் புதியதே நன்று. கிடைக்காத கிராமத்தில், வாஷரைச் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சி நீரில் போட்டால் மீண்டும் மென்மையாகும். இரும்பானால் இவ்வாறு செய்தால் கெட்டிப்படும். செம்பின் குணம் வேறு. பின்னர் சமமான கண்ணாடியின்மேல் மெல்லிய உப்புத்தாளை வைத்து, வாஷரைத் தேய்த்து மேடுபள்ளம் நீக்க வேண்டும். அலுமினிய வாஷருக்கு இம்முறை ஆகாது. நூல் சுற்றுவதும், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைச் சுற்றுவதும் தவறு. அதன் இழை ஒன்று கழன்று சென்றாலும் பம்பைக் கெடுக்கும்.

இரும்புக் குழாயின் நட்டு கசிந்ததற்கு நட்டு காரணமன்று. மூன்று குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பு எப்போதோ விழுந்துபோனதால், குழாய் அதிர்ந்து அதிர்ந்து இணைப்பு தளர்ந்திருந்தது. பெரியவர் குழாயின் இரு முனைகளையும் தளர்த்தி, முனை தானாகவே உரிய இடத்தில் அமருமாறு வைத்து, இரு நட்டுகளையும் முதலில் விரலால் முழுதும் திருகி, அதன்பிறகே ஸ்பானரால் இறுக்கினார். கீழே உள்ள பாகம் சுற்றாமலிருக்க அதனை இன்னொரு ஸ்பானர் பிடித்திருந்தது. "கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்குவது குழந்தையின் வாயைப் பொத்தி அழுகையை நிறுத்துவது போல" என்றார். முனை நசுங்கிவிட்டால் அக்குழாய் பயன்படாது. வெடித்த அழுத்தக் குழாயைப் பற்றவைத்து ஓட்டுவதும் கூடாது; மாற்றவே வேண்டும்.

டாங்கியின் பற்று ஓரத்தில் சிறு கசிவு இருந்தால், துணி துவைக்கும் கட்டிச் சோப்பை அழுந்தத் தேய்த்து அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம். அது தற்காலிக உதவியே. டாங்கியைக் காலி செய்து, முறையாகக் கழுவி ஆவி நீக்காமல் வெல்டிங் வைப்பது உயிருக்கு ஆபத்து. காலி டாங்கியில் தங்கும் ஆவி வெடிக்கும்.

மறைந்திருந்த மூன்றாவது பகை

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எண்ணினோம். பெரியவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் மேற்கோட்டையும் தாண்டி நின்றது.

"எப்போது ஆயில் ஊற்றினாய்?"

"இரண்டு மாதமாக ஊற்றவே இல்லை ஐயா. இந்த வண்டி ஆயிலே குடிப்பதில்லை" என்று மைத்துனர் பெருமையுடன் சொன்னார்.

"குடிப்பதில்லை, உனக்குச் சுரந்து வேறு கொடுக்கிறதா?" என்று கேட்ட பெரியவர், கம்பியிலிருந்து ஒரு சொட்டைப் பழைய செய்தித்தாளில் விட்டார். நடுவே கரும்புள்ளி, அதைச் சுற்றி வெகுதூரம் பரவிய மஞ்சள் வளையம். முகர்ந்தால் டீசல் நெடி.

சிறிய பம்பினுள்ளே டயாப்ரம் என்னும் ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்தால் டீசல் எஞ்சினுக்குள் வடிந்து ஆயிலோடு கலக்கும். பெரிய பம்பின் தண்டிலுள்ள சீல் தேய்ந்தாலும் அவ்வாறே ஆகும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. மட்டம் மிகவும் ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். வெளியே சொட்டிய டீசல் பணத்தைத்தான் தின்றது. உள்ளே சொட்டியது எஞ்சினையே தின்றிருக்கும். ஆயில் குறைந்தால் பதறும் நாம், ஆயில் கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். கணக்கில் பணம் குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு என்பது குமாஸ்தாவான எனக்கு அன்றுதான் யந்திரத்திலும் உண்மை என்று விளங்கியது.

சவ்வை மாற்றினோம், ஆயிலையும் ஆயில் வடிகட்டியையும் மாற்றினோம். பெரிய பம்பின் உட்புறத்தையோ இஞ்செக்டரின் முனையையோ பெரியவர் திறக்கவில்லை. "அவை தூசியில்லாத அறையில், சோதனைக் கருவி வைத்திருப்பவன் செய்ய வேண்டிய வேலை. நமக்குத் தெரிந்த எல்லையில் நின்றுகொள்வதும் தொழில்தான்" என்றார்.

காற்றை நீக்குதல்

டீசல் வழியைத் திறந்து மூடினால் காற்றை நீக்கியே ஆகவேண்டும். டாங்கியைப் போதுமான அளவு நிரப்பிக் குழாயைத் திறக்கவும். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, சிறிய பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அசைக்கவும். குமிழியும் நுரையும் நின்று தெளிந்த டீசல் வந்ததும், அசைத்துக்கொண்டே திருகை மூடவும். அடுத்துப் பெரிய பம்பின் திருகுக்கும் அவ்வாறே செய்க. கைப்பிடி பிடிப்பின்றி ஆடினால் பம்பு கெட்டதென்று எண்ண வேண்டாம். எஞ்சினைச் சிறிது சுற்றிவிட்டால் பிடிப்பு வரும். இறுதியாக இஞ்செக்டர்ப் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, கையை விலக்கி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, டீசல் தலைகாட்டியதும் நிறுத்தி இறுக்கிவிடலாம்.

அன்று பகல் பதினொரு மணிக்கு வண்டி முதல் சுழற்சியிலேயே கிளம்பியது. மறுநாள் காலையில் பாதி டாங்கியுடனும் கிளம்பியது. ஆயிலையும் சேர்த்து மொத்தச் செலவு 4,000 ரூபாயை எட்டவில்லை. மெக்கானிக் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கூறமாட்டேன். விதைப்புக் காலத்தில் அவரைச் சுற்றிப் பத்து வண்டிகள் நின்றன. கேள்வி கேட்க அவருக்கு நேரமில்லை, பதில் சொல்ல மைத்துனருக்கும் தெரியவில்லை.

இரவில் 10 மணி நேரத்தில் 200 மில்லி என்றால், மணிக்கு 20 மில்லி. குழாய் திறந்தே இருந்தால் நாளொன்றுக்கு 480 மில்லி. மாதத்துக்கு 14 லிட்டருக்கு மேல். உங்கள் ஊர் விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேர்ப்பதற்கு மட்டுமன்று, இழப்பதற்கும் பொருந்தும்.

பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். பதிலாக மைத்துனரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். நாள்தோறும் ஊற்றிய டீசல், ஓடிய மணி, காலையில் பார்த்த ஆயில் மட்டம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. ஞாயிறுதோறும் அதனை அவரே வாங்கிப் பார்க்கிறார். விதைப்பு குறைவின்றி முடிந்தது. கோதுமை அறுவடைப் பணத்தில் முதலில் மீட்க வேண்டியவை நான்கு வளையல்கள் என்று, அந்த நோட்டின் முதற்பக்கத்தில் மைத்துனர் தாமாகவே எழுதி வைத்திருப்பதை நான் பார்த்தேன். என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இப்பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் அவள் படித்துக்கொள்வாள்.

அடுத்த மாதம், கோடைக்கு முன் மின்விசிறியைத் துடைத்துச் செப்பம் செய்வது பற்றி எழுத எண்ணியுள்ளேன். தொழில் தெரிந்த பெரியவர்கள் நம் சங்கத்தில் பலர் உள்ளனர். தத்தம் அனுபவங்களை அவர்கள் எழுதி அனுப்பினால், நன்றியுடன் இப்பகுதியில் சேர்த்துக்கொள்வேன்.